சோலைக்குள் போட்ட பந்தி

சுனைக்கரை மடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். வந்தவருக்கு இடம் இல்லை என்று சொல்லக் கூடாது. பூசைக்கு வராவிட்டால் கேட்பாரில்லை. பாட்டு வராவிட்டால் குற்றமில்லை. ஆனால் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து, இலையில் சோறும் விழுந்த பிறகு ஒருவர் மூச்சிரைக்க மலையேறி வந்து நின்றால், "கொஞ்சம் நகருங்க" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். இலையை இழுத்துக்கொண்டு வரிசை மொத்தமும் நகரும். விழுந்த இடைவெளியில் வந்தவர் உட்காருவார்.

சட்டம் என்று இல்லாமல் ஒரு பழக்கமும் அங்கே உண்டு. பச்சைப் பிள்ளைகள் நீங்கலாக, பந்தியில் ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். அதனால் கடைசி ஆள் மோர்ச்சோற்றை வழித்து முடிக்கிறவரை ஒருவரும் அசைய மாட்டார்கள். கால் மரத்துப்போனாலும் சரி, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சரி.

இடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்ற சட்டத்தை மாசிலாமணியைப் போலத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர் மடத்தில் வேறு யாரும் இல்லை. கீழே ஊரில் பந்தல் காண்ட்ராக்டராக இருந்தவர். மனைவி போன பிறகு அறுபது வயதில் மலையேறி வந்து சீடரானார். குருவான வடிவாம்பிகை அம்மாவுக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். "மக வயசுப் பொண்ணுகிட்ட போய்க் கைகட்டி நிக்கிறீரே" என்று ஊர்க்காரர்கள் கிண்டல் செய்தால், அவங்க முன்னாடி நான் அரை டவுசர் போட்ட பையன் என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

பந்தல்காரருக்குக் கண் வேறு மாதிரி. நாம் ஒரு மைதானத்தைப் பார்த்தால் மைதானம் தெரியும். அவருக்கு எத்தனை வரிசை போடலாம், எங்கே அடுப்பு வைக்கலாம், கைகழுவும் இடம் எந்தப் பக்கம் என்பதுதான் தெரியும். இடுப்பில் எப்போதும் ஓர் அளவுக் கயிறு. தூங்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார்.

அவர் வந்த நேரமோ என்னவோ, மடத்துக்குக் கூட்டம் சேரத் தொடங்கியது. கீழே ஊர் பெருத்துக்கொண்டே போனது. ஏரி நகராகிவிட்டது, குளம் பேருந்து நிலையமாகிவிட்டது, குழாயில் காற்று வந்தது. மேலே சுனையும் நிழலும் இருந்தன, இடம் இல்லை என்று சொல்லாத ஒரு மடமும் இருந்தது. சும்மா இருப்பார்களா மனிதர்கள்? குடும்பம் குடும்பமாக ஏறி வந்தார்கள்.

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களைப் பாதி வழியிலேயே போய் எதிர்கொண்டு மூட்டையை வாங்கிக்கொள்வார். ஓலைக்கொட்டகை போட்டார். அது நிரம்பியதும் தகரக்கொட்டகை போட்டார். திருவிழாவுக்கென்று பாறைமேல் சிமெண்டு பூசி ஒரு பெரிய மேடை கட்டினார். மடத்தில் முதல் தொட்டில் கட்டியபோது, கயிற்றின் முடிச்சைத் தானே போட்டுவிட்டு ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் தொட்டில்கள் பெருகின. காலையில் பிள்ளைகளின் இரைச்சலில் மலையே கிடுகிடுத்தது. வடிவாம்பிகை அம்மாவும் எந்நேரமும் இடுப்பில் ஏதாவது ஒரு குழந்தையோடுதான் திரிந்தார். சந்தோஷமான காலம் அது. பொய் சொல்வானேன்.

சில்லறைத் தொந்தரவுகளும் வந்தன. சாப்பாட்டு இலை தைக்கிற புரச மரங்கள் மொட்டையாயின. மாசிலாமணி எவர்சில்வர் தட்டு வாங்கிப் போட்டார். விறகு கிடைக்கவில்லை. அவர் கேஸ் அடுப்பு ஏற்பாடு செய்தார். தேன்கூடுகள் பாறையை விட்டுப் போய்விட்டன. நல்லதுதான், பிள்ளைகளைக் கொட்டாது என்றார். குரங்குகள் சமையல்கட்டுக்குள் நுழைந்து சட்டியை உருட்டின. வலை கட்டினார். எதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது.

பிறகு மீன் வந்தது.

சுனைக்கு இறங்கக் கல்படிகள் உண்டு. முன்பெல்லாம் மேல்படியில் உட்கார்ந்தே குடத்தை முக்கலாம். அந்த வருடம் சித்திரையில் ஒவ்வொரு படியாக இறங்கி, யாரும் காலே வைத்திராத ஒரு படிக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் படியில் ஒரு மீன் செதுக்கியிருந்தது. கண், செதில், வால் எல்லாம் நேற்று செதுக்கியது போல அப்படியே இருந்தது.

மடமே திரண்டுவிட்டது. அதிசயம் என்றார்கள். பெண்கள் மீனுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். மாசிலாமணி நாலு மூங்கில் நட்டு அதன் தலைக்குமேல் ஒரு குட்டிப் பந்தலே போட்டுவிட்டார்.

வடிவாம்பிகை அம்மா இறங்கி வந்து பார்த்தார். இந்த மீனை இதற்கு முன் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தார். மடத்திலேயே வயதானவரும் பார்த்ததில்லை, அவருடைய தாத்தாவும் சொன்னதில்லை. அம்மா மீனின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. படியேறிப் போனார்.

அன்று மத்தியானமே கீழேயிருந்து மகள் பூங்கோதை போன் செய்தாள். மாசிலாமணிக்கு ஒரே மகள். ஏரிக்குள் போட்டார்களே அந்தப் புது நகர், அதில்தான் வீடு. மலையேறி வருவதற்கு முன், நகருக்குப் பூமி பூசை நடந்தபோது பந்தல் போட்டவரே இவர்தான். அந்தப் பெருமையில் மகளுக்கு அங்கேயே மனை வாங்கிக் கொடுத்திருந்தார். இப்போது அங்கே ஆழ்துளைக் கிணறு காற்று வாங்குகிறது, தண்ணீர் லாரி நினைத்தால் வருகிறது, இல்லாவிட்டால் இல்லை. வயிற்றில் மூன்றாவது பிள்ளையோடு குடம் தூக்கி முடியவில்லை, மேலே வந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டாள். கூடவே தெருவில் இன்னும் சில குடும்பங்களும் கிளம்பி நிற்பதாகச் சொன்னாள்.

கேட்க வேண்டுமா? மாசிலாமணிக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. நாளைக்கே வாம்மா என்றார். போனை வைத்த பிறகுதான் இடத்தைப் பற்றி யோசித்தார்.

ஓலைக்கொட்டகை, தகரக்கொட்டகை, சமையல்கட்டின் சாய்ப்பு எல்லாம் நிரம்பி வழிந்தன. மலையில் வெறுமனே கிடந்தது ஒரே இடம்தான். சுனைக்கு மேலே இருந்த சோலை. நாவலும் அத்தியும் பெயர் தெரியாத கொடிகளும் பின்னிக் கிடக்கும். பகலிலும் மங்கலாக இருக்கும். யாரும் உள்ளே போவதில்லை.

மாசிலாமணி போனார். கயிற்றை அவிழ்த்து, மரத்துக்கு மரம் இழுத்து அளந்தார். நின்றபடியே கண்ணை ஓட்டினார். அடடா, என்ன இடம். இத்தனை நாள் இதை வீணாகப் போட்டு வைத்திருந்தோமே என்று தன்னையே கடிந்துகொண்டார். மகள் வீடு எந்த மரம் நின்ற இடத்தில், பேரப்பிள்ளைகள் எந்தப் பக்கம் விளையாடும் என்பதுவரை மனசுக்குள் கட்டி முடித்துவிட்டார். அவர் திரும்பி வருவதற்குள் சேதி பரவி, மடத்து ஆண்கள் கோடாலிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்கள். திருவிழா போல இருந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் போய் நின்றார். மகள் வருவதையும் சோலையையும் ஒரே மூச்சில் சொன்னார். அப்புறம் குதூகலம் தாங்காமல் ஒரு கேள்வியும் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்கம்மா, இந்த மலை எத்தனை பேரைத் தாங்கும்?"

"அதை என்னைக் கேட்டா? மலையைத்தான் கேக்கணும்."

"சோலையில மரத்தை எடுத்துட்டா இன்னும் இவ்வளவு பேர் தாராளமா இருக்கலாம்மா. இடம் சும்மா காலியா கிடக்கு."

"காலியா?"

"காலிதான். நானே அளந்தேன்."

அம்மா மடியில் இருந்த குழந்தையின் கையில் அகப்பட்ட தன் தலைமுடியை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"சரி. புது இடத்துல குடிபோகும் முன்னாடி அங்க உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாக்கணும் ஐயா. நாளைக்கு மத்தியானச் சாப்பாடு சோலைக்குள்ள ஆகட்டும். மடம் மொத்தமும் ஒரே பந்தி. அதுக்கப்புறம் நீங்க வெட்டச் சொன்னா வெட்டட்டும்."

மாசிலாமணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மடம் மொத்தத்துக்கும் ஒரே பந்தி. அவர் வாழ்நாளில் அப்படியொரு பந்தி போட்டதில்லை.

மறுநாள் காலையிலிருந்தே அவர் கால் தரையில் பாவவில்லை. தாழ்ந்த கிளைகளைக் கயிற்றால் தூக்கிக் கட்டினார். முள்ளை ஒதுக்கினார். சருகின்மேல் கோரைப் பந்திப்பாய்களை நீளநீளமாக உருட்டிவிட்டார். மரத்தைச் சுற்றிச் சுற்றி வரிசைகள் வளைந்து போயின. கோடாலிகளை ஓர் அத்தி மரத்தடியில் சாய்த்து வைத்தார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு வேலையை ஆரம்பிப்பதாகப் பேச்சு. மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்தபோது, பரிமாறுகிறவர்களைத் தவிர ஒருவர்கூட நிற்கவில்லை, அத்தனை பேருக்கும் இடம் இருந்தது. வரிசையின் நடுவில் அம்மாவும், அவருக்கு எதிரே மாசிலாமணியும் உட்கார்ந்தார்கள். அவர் நெஞ்சு விம்மி, பார்த்தீங்களா என்பதுபோல அம்மாவைப் பார்த்தார்.

பருப்பும் நெய்யும் வந்தது. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே சிலுசிலுவென்று இருந்தது. இங்கே வீடு கட்டினால் மின்விசிறியே வேண்டாம் என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் இன்னும் கொஞ்சம் நெய் கேட்டார்.

சாம்பார் வந்தபோது சிலர் நெளிந்தார்கள்.

ரசத்துக்கு வரிசையே நெளிந்தது. ஒருவர் இடது தொடையைத் தூக்கினார். இன்னொருவர் வலது தொடையைத் தூக்கினார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, சேலைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை, யாரும் எழவும் இல்லை. எப்படி எழுவது? ஒருவர் எழுந்தால் பந்தியே எழுந்துவிட வேண்டும், பாயசம் இன்னும் வரவில்லை.

மாசிலாமணிக்கும் அதே சங்கடம்தான். வேட்டியின் பின்பக்கம் சில்லென்று ஆகி, அது மெல்ல மெல்லப் பரவுவது தெரிந்தது. வயசாகிவிட்டது, நமக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவருக்கு உள்ளுக்குள் பயம். முகத்தில் காட்டாமல் அப்பளத்தை நொறுக்கினார். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மானத்தைப் பற்றிக் கவலையில்லாத ஓர் ஆள் பந்தியில் இருந்தது. பேச்சு வந்து கொஞ்ச காலமே ஆன ஒரு பெண் குழந்தை. சட்டென்று எழுந்து நின்றது. கவுனின் பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அம்மாக்காரி முறைத்த முறைப்பில் உதடு பிதுங்கியது.

"நான் போகல. தரைதான் போயிருச்சு."

அப்புறம் வெடித்த சிரிப்பு இருக்கிறதே, மரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. எனக்கும்தான், எனக்கும்தான் என்று வரிசை முழுக்கக் குரல்கள் வந்தன. உட்கார்ந்தபடியே புடவையைப் பிழிந்து காட்டினாள் ஒருத்தி. பரிமாறுகிறவர் வாளியை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வடிவாம்பிகை அம்மாவும் சிரித்தார். அவருடைய காவிச் சேலையும்தான் நனைந்திருந்தது. சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"கடைசியா மழை எப்ப பெஞ்சுது?"

தை மாதத்துக்கு அப்புறம் ஒரு சொட்டு இல்லை என்று யாரோ சொன்னார்கள்.

"அப்ப இங்க யாரு உட்கார்ந்திருக்கிறது?"

மாசிலாமணி தான் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தைத் தூக்கினார். அடியில் சருகு. சருகை விலக்கினார். அதற்கடியில் மக்கிய சருகு, அதற்கும் அடியில் வேர்கள் பின்னிய கறுப்பு மண். உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையை எடுத்ததும், பதிந்த இடத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது. தெளிந்த தண்ணீர், கீழே சுனையில் ஊறுகிற அதே தண்ணீர்.

கையின் அடையாளத்துக்குள் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மைதானங்களைக் கண்ணாலேயே அளந்தவர். நேற்று இந்த மண்ணில் கயிறு போட்டாரே தவிர, ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால், சுனை வற்றி வெளியே வந்த அந்தக் கல் மீன் வந்து நின்றது. அதன் தலைக்குமேல் தான் போட்ட பந்தலும் சேர்ந்து வந்தது. வெட்கத்தில் காது சூடேறியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பூங்கோதை வந்து சேர்ந்தாள். ஒரு கை வயிற்றில், இன்னொரு கையில் மூட்டை. இரண்டு பிள்ளைகளும் அவள் முந்தானையைப் பிடித்திருந்தன. பின்னால் புருஷன், அவனுக்குப் பின்னால் தெருக்காரர்கள். வியர்த்து, மூச்சிரைத்து, சோலையின் விளிம்பில் நின்றார்கள்.

"அப்பா" என்றாள்.

மாசிலாமணிக்கு ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் பந்தி. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அத்தி மரத்தடியில் கோடாலிகள் சாய்ந்திருந்தன.

யாரோ வழக்கம்போல "கொஞ்சம் நகருங்க" என்றார்கள். வரிசை நகர்ந்தது. அம்மா தன் தட்டை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டார். பூங்கோதை வந்து கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவளும் நெளிந்தாள். பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க நகர்லயும் மொதல்ல தரை இப்படித்தான் இருந்துச்சுப்பா. நீங்க பூமி பூசைக்குப் பந்தல் போட்டப்ப கால் புதைஞ்சுதே, ஞாபகம் இருக்கா? அப்புறம்தான் லாரி லாரியா மண்ணைக் கொட்டி மேடாக்குனாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. களைத்துப்போன பெண் ஏதோ ஞாபகம் வந்து சொன்னாள், அவ்வளவுதான். மாசிலாமணி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். கால் புதைந்தது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. மூங்கில் நிற்கவில்லை என்று சலித்துக்கொண்டு, செங்கல் ஜல்லி கொட்டச் சொன்னதும் அவரேதான்.

பாயசம் வந்தது. யாரும் தொடவில்லை.

"அம்மா" என்றார் மாசிலாமணி. "வந்தவங்களுக்கு இடம் இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. இப்ப என் மக வந்து நிக்கிறா. நான் என்ன சொல்லட்டும்?"

"அவதான் உட்கார்ந்துட்டாளே. இனிமே என்ன சொல்லணும்?"

"இங்க இல்லம்மா. படுக்க, பிள்ளை பெத்துக்க."

"என் அறையில இருக்கட்டும். நான் உங்க மேடைக்கு வந்துர்றேன். காத்து நல்லா வருதாமே அங்க."

எதிர் வரிசையில் இருந்த ஒரு கிழவர் தொண்டையைக் கனைத்தார். கீழே தனக்கு ஒரு வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது, மேலே குளிர்ச்சிக்காகத்தான் இருக்கிறேன், நாளைக்கு இறங்கிவிடுகிறேன் என்றார். இன்னொரு வீட்டுக்காரர், தாங்கள் கொட்டகையில் இரண்டு தடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவும் ஒன்றே போதும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவளும் தலையை ஆட்டிவிட்டாள்.

மாசிலாமணி கணக்குப் போடுகிற மனிதர். மனசு நிறைந்தது, ஆனாலும் கணக்கு விடவில்லை.

"இன்னிக்கு இவங்க ஆச்சு. நாளைக்கும் வருவாங்க. இந்தப் பிள்ளைங்களும் வளரும், இதுங்களுக்கும் பிள்ளைங்க பொறக்கும். நகர்ந்து நகர்ந்து எதுவரைக்கும்மா போறது?"

அம்மா பூங்கோதையின் தட்டில் பாயசத்தைத் தானே ஊற்றினார். அவளுடைய சின்னப் பிள்ளை, தாத்தாவின் கை பதிந்த இடத்தில் ஊறியிருந்த தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அந்த விரலைக் காட்டினார்.

"வரட்டும் ஐயா, நகர்ந்து உட்காருவோம். ஆனா நமக்கெல்லாம் முன்னாடியே இங்க வந்து உட்கார்ந்திருக்காரே இவரு, இவரை மட்டும் எழுப்பிடாதீங்க. இவர் எழுந்துட்டாருன்னா பந்தியே எழுந்துரணும்."